கடலுக்கு ஓடிய மூன்றாவது ஸ்ட்ரைக்

என் மனைவி சொல்லித்தான் நான் பேஸ்பால் அம்பயர் ஆனேன். மீசையை எடுத்ததும் பாகற்காய் சாப்பிடத் தொடங்கியதும்கூட அவள் சொல்லித்தான் என்பதால், இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

அவள் எங்கள் தீவில், கராச்சர்மா என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். அங்கே பெண்கள் பேஸ்பால் டீமுக்கு அவள்தான் கோச். நான் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில், அதாவது கப்பல் துறையில், டிக்கெட் கவுண்டரில் உட்காருகிறவன். டிக்கெட் தீர்ந்துவிட்டது என்பதைக் கம்பிக்குப் பின்னாலிருந்து இந்தியிலும் தமிழிலும் அரைகுறை பெங்காலியிலும் உரக்கச் சொல்வது என் உத்தியோகம். கடலுக்கு அப்பால் மெயின்லேண்டிலிருந்து ஒருவர் அம்பயர் பயிற்சி கொடுக்க வந்தபோது ஆள் சேரவில்லை. இவள் என்னைக் கேட்காமலே என் பெயரைக் கொடுத்துவிட்டாள்.

"எனக்கு என்னடி தெரியும் அதைப் பத்தி?"

"நல்லா கத்துவீங்க. ஊரே திட்டினாலும் உங்களுக்கு உறைக்காது. வேற என்ன தகுதி வேணும்?"

பயிற்சிக்குப் போனேன். அம்பயர் போடுகிற மார்புக் கவசத்தின் வார் என் முதுகில் சந்திக்க மறுத்தது. பயிற்சி கொடுத்தவர் நல்ல மனிதர். என் வயிற்றைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, "உங்களுக்கு இது அவசியம் இல்லை சார்" என்றார். கடைசியில் கப்பல் கயிறு ஒரு துண்டு கொண்டுபோய்க் கட்டிக்கொண்டேன்.

மற்றதெல்லாம் ஒரு மாதிரி புரிந்தது. புரியாதது மூன்றாவது ஸ்ட்ரைக். பந்து போடுகிற பெண் பிட்சர். அடிக்க நிற்பவள் பேட்டர். பேட்டருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவள் கேட்ச்சர். பேட்டர் ஒரு பந்தைக் கோட்டை விட்டால் ஒரு ஸ்ட்ரைக், மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட். இதுவரை சின்னப் பிள்ளைக்கும் புரியும். ஆனால் அந்த மூன்றாவது பந்தை கேட்ச்சர் ஒழுங்காகப் பிடிக்க வேண்டும். பிடிக்காமல் நழுவவிட்டால், ஓடிப் போய் மிதிக்க வேண்டிய முதல் பேஸ் காலியாக இருந்தாலோ ஏற்கெனவே இரண்டு பேர் அவுட் ஆகியிருந்தாலோ, பேட்டர் அவுட் இல்லை. அவள் முதல் பேஸுக்கு ஓடலாம். பந்து அவளுக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்தால்தான் அவுட்.

ஆபீஸில் பக்கத்துக் கவுண்டர்காரருக்கு இதை விளக்கப் பார்த்து எனக்கே விளங்கிப்போயிற்று. "டிக்கெட் கேன்சல் ஆயிருச்சு பாய். ஆனா கேட்ல இருக்கறவன் உன்னைப் பிடிக்கலைன்னா, ஓடிப் போய் கப்பல்ல ஏறிக்கலாம்." அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இந்த விதி எந்தக் கப்பலுக்கு என்று கேட்டார்.

இந்த இடத்தில் குழப்பமே அம்பயர் கையில்தான் இருக்கிறது என்று பயிற்சியில் சொன்னார்கள். ஸ்ட்ரைக் என்று கையைத் தூக்கினால் எல்லாரும் ஆட்டம் முடிந்தது என்று நினைத்துக்கொள்வார்கள். பேட்டர் தலையைத் தொங்கப்போட்டுத் திரும்புவாள். கேட்ச்சர் பந்தைத் தூக்கி எறிந்துவிட்டுச் சிரிப்பாள். அதனால் முதலில் ஸ்ட்ரைக்குக்குக் கை. அடுத்து கண் பந்தின்மேல். பந்து தரையில் விழுந்திருந்தால் இரண்டு கையையும் விரித்து, "நோ கேட்ச்!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும். பேட்டருக்கு ஓட உரிமை இல்லாத நேரமாக இருந்தால், அவள் வீணாக ஓடி எல்லாரையும் குழப்புவதற்குள், "பேட்டர் அவுட்" என்று உடனே கத்திவிட வேண்டும். ஒன்று மட்டும் கூடாது. "ஓடு" என்று சொல்லக் கூடாது. நடந்ததைச் சொல்லலாம். செய்ய வேண்டியதைச் சொல்லக் கூடாது.

இதைக் கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது. கல்யாணத்தன்று யாராவது என் காதில் இதைச் சொல்லியிருக்கலாம்.

ஆனால் மெயின்லேண்டுக்காரருக்கு எங்கள் மைதானம் தெரியாது. எங்கள் மைதானம் கடலோரத்தில். பேட்டர் கடலைப் பார்த்து அடித்தால் பந்து ஒவ்வொன்றும் போய்விடும் என்று, கடலுக்கு முதுகைக் காட்டி நின்று ஊரைப் பார்த்து அடிப்பார்கள். ஆகவே கேட்ச்சருக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் கிழிந்த மீன்வலை ஒன்று மூங்கிலில் கட்டியிருக்கும், அதற்குப் பின்னால் வங்காள விரிகுடா. கேட்ச்சர் நழுவவிட்ட பந்து என் காலிடுக்கில் புகுந்து, வலைக்கு அடியில் நுழைந்து, மணல் சரிவில் உருண்டு நேராகத் தண்ணீருக்குப் போகும்.

பந்து இங்கே கடையில் கிடைக்காது. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். மழைக்காலத்தில் அரிசி வருவதே பெரிய பாடு, பேஸ்பால் பந்துக்கு யார் இடம் கொடுப்பார்கள்? உப்புத் தண்ணீர் குடித்த பந்து காய்ந்த பிறகு தேங்காய் மாதிரி கனக்கும், தையலும் விட்டுப்போகும். அதனால் எங்கள் தீவில் எழுதாத விதி ஒன்று உண்டு. பந்து கடல் பக்கம் உருண்டால் யாராவது "பால்!" என்று அலறுவார்கள். உடனே எல்லாரும் ஓடுவார்கள். இந்த டீம், அந்த டீம், வேடிக்கை பார்க்க வந்த ஆட்டோக்காரர், அவருடைய நாய் எல்லாரும். பந்தைக் காப்பாற்றிக் கொண்டுவந்த பிறகுதான், ஆட்டம் எங்கே நின்றது என்று யோசிப்போம். என் மனைவியும் தன் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இதைத்தான். "மொதல்ல பால். ஆட்டம் பிறகு. விளங்குதா?" அவள் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பெற்றோர் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அவள் "விளங்குதா?" என்று கேட்டால் விளங்காதவர்கள்கூட விளங்கியது என்றுதான் சொல்வார்கள்.

பெரிய போட்டிகளுக்கு மட்டும் இதற்கு ஒரு ஒழுங்கு வைத்தோம். பந்து தண்ணீரைத் தொட்டால் ஆட்டம் அந்த இடத்தில் நிற்கும், ஓடுகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு பேஸ் இலவசம். தண்ணீரைத் தொடாத வரை பந்து உயிரோடு இருக்கிறது, ஆட்டமும் நடக்கிறது. காகிதத்தில் அழகாக இருந்தது.

அம்பயராக எனக்கு இன்னொரு சிக்கல், நான் கோச்சின் புருஷன். அவள் டீம் ஆடும்போது வேறு அம்பயர் போடலாம்தான். தீவில் வேறு அம்பயர் என்று இருப்பவர் ஒரே ஒருவர், தபால் ஆபீஸில் வேலை செய்யும் தெலுங்குக்காரர். அவர் பேஸ் பக்கம் நின்றால் பேட்டர் நிற்கிற பிளேட் பக்கம் நான்தான் நிற்க வேண்டும். முதல் வருடமே கூட்டத்தில் ஒருத்தன், "வீட்டுச் சோத்துக்கு ஸ்ட்ரைக் போடறான்யா" என்றான். அன்றிலிருந்து சந்தேகமான பந்து எதுவானாலும் எதிர் டீமுக்குக் கொடுத்துவிடுவேன். கூட்டம் என்னை நேர்மையானவன் என்றது. எனக்கு அது பிடித்திருந்தது.

என் மனைவிக்குப் பிடிக்கவில்லை.

"நாலு பேர் உங்களை நல்லவன்னு சொல்லணும், அதுக்கு என் புள்ளைங்க தோக்கணும், அப்படித்தானே?"

"சந்தேகம் வந்தா என்னடி பண்றது?"

"சந்தேகம் எப்பவும் எங்க பக்கம் மட்டும் எப்படி வருது? வாசலைத் தாண்டினா நீங்க யாருக்கோ புருஷன்."

அன்று குழம்பில் உப்பு இல்லை. இதையும் சந்தேகத்தின் பலனாக எடுத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

போன வருடம் அவள் டீம் இறுதிப் போட்டிக்கு வந்தது. எதிரே வண்டூர் கிராமத்துப் பிள்ளைகள். ஜெயிக்கிற டீம் அப்படியே மெயின்லேண்டுக்குப் போய் ஆடலாம். கப்பலில் சென்னை, அங்கிருந்து ரயில். அவளுடைய பிள்ளைகளில் ஒருத்தியும் ரயிலைப் பார்த்ததில்லை. தீவில் ஏது ரயில்? முந்தின வாரம் முழுக்க எங்கள் வீட்டில் இதே பேச்சு. ரயிலில் வாந்தி வருமா, ஜன்னலுக்கு வெளியே கை நீட்டலாமா, கப்பல் மாதிரி ஆடுமா என்று பிள்ளைகள் வந்து வந்து கேட்டார்கள். அவள் பொறுமையாகப் பதில் சொன்னாள். என்னிடம் மட்டும் எதுவும் பேசவில்லை. போட்டியன்று காலையில் ஸ்கூட்டரில் ஏறும்போது, "இன்னிக்கு நீங்க எனக்காக ஒண்ணும் செய்ய வேணாம்" என்றாள். கொஞ்சம் விட்டு, "எனக்கு எதிராவும் ஒண்ணும் செய்ய வேணாம்" என்றாள்.

கடைசி இன்னிங்ஸ் வரை எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. என் மனைவியின் டீம் ஒரு ரன் முன்னால் இருந்தது. வண்டூர் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் அவுட். மூன்றாவது பேஸில் ஒரு வண்டூர்ப் பெண் நிற்கிறாள், அவள் பிளேட்டுக்கு ஓடி வந்துவிட்டால் ஒரு ரன், சமன். முதல் பேஸ் காலி. அடிக்க நின்றவள் மீன்பிடிக்காரர் ஒருவரின் மகள், வண்டூர் டீமிலேயே வேகமாக ஓடுகிறவள். இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டது.

பிட்சர் போட்டாள். பேட்டர் மட்டையை வீசினாள். காற்றுதான் கிடைத்தது. பந்து கேட்ச்சருக்கு முன்னால் தரையில் குத்தி, கையுறையின் விளிம்பில் பட்டு, என் காலிடுக்கில் புகுந்து போனது.

நான் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தேன். ஸ்ட்ரைக்குக்குக் கை. பிறகு இரண்டு கையும் விரித்து, ஜெட்டியில் கப்பலே நிற்கிற குரலில், "நோ கேட்ச்!" பயிற்சி கொடுத்தவர் இருந்திருந்தால் கண் கலங்கியிருப்பார்.

அடுத்த கணம் யாரோ "பால்!" என்று அலறினார்கள்.

கேட்ச்சர் கடலைப் பார்த்து ஓடினாள். முதல் பேஸுக்கு ஓட வேண்டிய பேட்டர் மட்டையைப் போட்டுவிட்டு அவளுக்கு முன்னால் கடலைப் பார்த்து ஓடினாள். நானும் ஓடினேன். கவசமும் முகமூடியும் கயிறுமாக, வலையைத் தூக்கி அடியில் புகுந்து, எதற்கு ஓடுகிறேன் என்று தெரியாமலே ஓடினேன். இத்தனை வருடப் பழக்கம். பந்து ஈர மணலில் உருண்டு போனது. அலை ஒன்று ஏறி வந்துகொண்டிருந்தது. வண்டூர்ப் பெண் பாய்ந்து பந்தை எடுத்தாள். எடுத்துத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள். அதற்குப் பிறகுதான் அலை வந்து அவள் முழங்கால் வரை நனைத்தது. நான் பக்கத்தில் இருந்தேன். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. முதலில் கை, பிறகு அலை.

அவள் சிரித்துக்கொண்டே பந்தை கேட்ச்சரிடம் கொடுத்தாள். கேட்ச்சரும் "தாங்க்ஸ்" என்றாள். வேறு எந்த மைதானத்திலும் நடக்காத காட்சி இது.

அதற்குள் மூன்றாவது பேஸ்காரி ஓடி வந்து ஹோம் பிளேட்டை மிதித்துவிட்டாள். வண்டூர்க் கோச், எந்நேரமும் விசிலைக் கடித்துக்கொண்டே இருக்கும் பெங்காலி மனிதர், "பாக்! பாக்!" என்று குதித்தார். ஓடு என்கிறார் என்று அப்போதுதான் பேட்டருக்கு உறைத்தது. ஈர ஷூவோடு முதல் பேஸுக்கு ஓடினாள். கேட்ச்சர் பதறிப்போய்ப் பந்தை எறிந்தாள். அது முதல் பேஸைத் தாண்டி ஆட்டோ நிறுத்தியிருந்த பக்கம் போயிற்று. வண்டூர் ஆட்கள் சமன் என்று ஆடத் தொடங்கினார்கள்.

பிறகு எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் வலைக்குப் பின்னால் கடற்கரையில் நின்றிருந்தேன்.

விதி எனக்குத் தெரியும். மூன்றாவது ஸ்ட்ரைக் நழுவிய பிறகு, முதல் பேஸுக்குப் போகாமல் வேறு பக்கம் கிளம்பிவிட்ட பேட்டர் அவுட். ஓடுகிற பந்தைக் கையால் தொட்டாலும் அவுட். அவள் இரண்டையும் செய்துவிட்டாள். அவள் தொட்ட அந்த இடத்திலேயே நான் கையைத் தூக்கியிருந்தால் அதற்குப் பிறகு நடந்த கூத்து எதுவும் நடந்திருக்காது. அப்போது நானும் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அப்பாடா தப்பித்தது என்று.

ஆனால் பந்து அதற்குமுன் தண்ணீரைத் தொட்டிருந்தால் கதையே வேறு. ஆளுக்கு ஒரு பேஸ், ரன் செல்லும், சமன். அந்தப் பெண் சும்மா நின்று பந்தைக் கடலுக்கு விட்டிருந்தாலே அவள் டீமுக்கு அந்த ரன் கிடைத்திருக்கும். காப்பாற்றப் போய் அவுட் ஆகிவிட்டாள்.

"பானி மே கயா தா!" என்று வண்டூர்க் கோச் ஓடி வந்தார், பந்து தண்ணீருக்குள் போயிற்று என்று. "தேக்கோ, ஜூதா தேக்கோ!" அவள் ஷூவைக் காட்டினார். ஷூ, காலுறை எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள்.

தபால் ஆபீஸ் அம்பயரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் என் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப்போனார். "பாய், எனக்கு வலை மறைச்சிருச்சு. நீதான் பக்கத்துல இருந்த. பேசாம அந்தப் பந்தைத் திரும்பப் போடச் சொல்லிடு. ரெண்டு பக்கமும் சந்தோஷம். உனக்கும் ராத்திரி சாப்பாடு கிடைக்கும்."

நல்ல யோசனை. இன்னும் நல்ல யோசனை ஒன்றும் என்னிடம் இருந்தது. 'தண்ணீர் தொட்டது' என்று இரண்டே வார்த்தை. வண்டூர் கைதட்டும். சொந்தப் பெண்டாட்டி என்றும் பார்க்காத மனிதன் என்று ஜெட்டி வரைக்கும் பேச்சு போகும். நான் சொல்வது பொய் என்று நிரூபிக்க ஒரு ஆள் கிடையாது. பந்தை எடுத்த பெண்ணுக்குத் தெரியும். அவளைக் கேட்கலாமா என்றுகூட நினைத்தேன். கேட்டால் அவள் உண்மையைத்தான் சொல்வாள் என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் அது என் வேலை. அதைத் தூக்கி ஒரு பதினாலு வயசுப் பிள்ளை தலையில் வைக்க எனக்கே கூச்சமாக இருந்தது.

என் மனைவி மெதுவாக நடந்து வந்தாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அம்பயர் சார்." வீட்டுக்கு வெளியே அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். "தண்ணி பட்டுச்சா?"

நான் வண்டூர்க் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன். டிக்கெட் தீர்ந்துவிட்டது என்று ஒரு நாளைக்கு நூறு முறை கத்துகிற வாய், "அது வந்து..." என்று இழுத்தது.

"யாருக்காகவும் சொல்ல வேணாம்," என்றாள், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். "கண்ணால பார்த்ததைச் சொல்லுங்க. பட்டுச்சுன்னா பட்டுச்சு. நாங்க சமன்ல இருந்து ஆடிக்கறோம்."

நான் வலையைத் தாண்டி உள்ளே வந்தேன். முகமூடியைக் கழற்றினேன். இரண்டு கோச்சையும் பக்கத்தில் நிற்கவைத்தேன். இந்தியில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, நடந்ததை நடந்த வரிசையில் சொன்னேன். பந்து நழுவியது. நோ கேட்ச் என்று சொன்னேன். பந்து ஈர மணலில் இருந்தது. பேட்டர் எடுத்தாள். அதற்குப் பிறகு அலை வந்தது. பந்து தண்ணீரைத் தொடவில்லை. பேட்டர் ஓடுகிற பந்தைத் தொட்டதால் அந்த இடத்திலேயே அவுட். மூன்றாவது அவுட். ரன் கிடையாது. நான் உடனே சொல்லாமல் பின்னாலேயே ஓடியது என் தவறு, அதனால் விதி மாறாது.

கையைத் தூக்கினேன்.

வண்டூர் பக்கமிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. "பீவி கா குலாம்!" பெண்டாட்டிதாசன் என்று. நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். நல்ல தாளத்தோடு சொன்னார்கள்.

"ஆமா பாய்," என்றேன். "பீவி கா குலாம் ஹூன். லேகின் அவுட் ஹை." தாசன்தான், ஆனால் அவுட் அவுட்தான் என்று.

பிறகு யாரோ சிரித்தார்கள். ஆட்டோக்காரர் என்று நினைக்கிறேன். வண்டூர்க் கோச் மட்டும் சிரிக்கவில்லை. விசிலை வாயிலிருந்து எடுத்து என்னை நன்றாகப் பார்த்தார். பிறகு தன் டீமைப் பார்த்து மூட்டை கட்டச் சொன்னார். அவருக்கு இன்னும் என்மேல் வருத்தம்தான். ஜெட்டியில் வந்தால் பக்கத்துக் கவுண்டர் வரிசையில்தான் நிற்கிறார்.

அந்தப் பெண் முதல் பேஸிலேயே நின்றிருந்தாள். நான் போனேன். அவள் அழுகையை அடக்கிக்கொண்டு, "பால் போயிருமே அங்கிள்" என்றாள்.

"நீ செஞ்சது நல்லதும்மா. ஆனா அவுட்டு."

"தெரியும் அங்கிள்," என்றாள். "தெரிஞ்சு ஓடல. கால் ஓடிருச்சு."

எனக்கும் அதேதான் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் என் மனைவி வந்துவிட்டாள். தன் பிள்ளைகள் பின்னால் கூச்சல் போட்டுக் குதித்துக்கொண்டிருக்க, அவள் அந்தப் பெண்ணைத் தரையில் உட்காரவைத்து, ஈரக் காலுறையைக் கழற்றிப் பிழிந்தாள். ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள்.

சாயங்காலம் ஸ்கூட்டரில் திரும்பினோம். பாராட்டு வரும் என்று கராச்சர்மா திருப்பம் வரை நான் வண்டியை மெதுவாக ஓட்டினேன்.

"கொஞ்சம் சொல்லட்டா?" என்றாள் பின்னாலிருந்து.

"சொல்லு."

"அவ கை பந்துல பட்ட உடனே நீங்க கையைத் தூக்கியிருக்கணும். இவ்வளவு கலாட்டாவும் அதனாலதான். புள்ளைங்க பாவம், சமன்னு நெனச்சு அவங்களும் ஆடினாங்க, நாங்களும் அழுதோம்."

"ஆமா."

"அந்த நேரத்துல நீங்க எங்க ஓடினீங்க?"

"பாலுக்கு."

"எதுக்கு?"

"போயிருமேன்னு."

அவள் ஹெல்மெட் வந்து என் ஹெல்மெட்டில் டொக்கென்று இடித்தது. அவள் சிரிக்கிறாள் என்பது முதுகில் தெரிந்தது. வண்டி ஆடியது. "ரோட்டைப் பாருங்க" என்றாள்.